கடைசிவரை வைத்திருந்த பேய்

"என் பேய் மட்டும் ஏன் எப்பவும் கடைசியில தனியா நின்னு தோத்துப்போகுது?" என்று கேட்டாள் கோதாவரி.

ஜெசிந்தா திரும்பிப் பார்க்கவில்லை. அவித்த வேர்க்கடலையை உரித்துக்கொண்டிருந்தாள்.

"கடைசிவரைக்கும் வச்சிருக்கறதால," என்றாள்.

கோதாவரிக்கு வயது முப்பத்தாறு. பொறியியல் கல்லூரியில் கணிதம் கற்பிப்பவள். ஜெசிந்தாவுக்கு இருபத்திரண்டு, பூதச் சண்டை விளையாட்டில் நாட்டுக்காக ஆடித் திரும்பியவள், அதை நாளுக்கு ஒருமுறையாவது மற்றவர்களுக்கு நினைவூட்டுபவள். தில்லைநகரில் இனிப்புக்கடைக்கு மேல்மாடியில் இருந்த அந்த கேமிங் சென்டரில் எல்லோரும் அவளை வாத்தியார் என்றார்கள். கோதாவரியும் அப்படியே கூப்பிட்டாள். கல்லூரியில் தன்னை எவரும் அத்தனை மரியாதையாகக் கூப்பிட்டதில்லை என்பது வேறு விஷயம்.

அந்த விளையாட்டில் ஆளுக்கு மூன்று பூதங்கள்; களத்தில் ஒரு நேரத்தில் ஒன்றுதான். இருவரும் ஒரே நேரத்தில், ஒருவர் கொடுப்பது மற்றவருக்குத் தெரியாமல், தத்தம் பூதத்துக்குக் கட்டளை கொடுப்பார்கள். பிறகு திரை இரண்டையும் நடத்திக்காட்டும். மூன்றும் விழுந்தவர் தோற்றவர்.

கோதாவரியின் மூன்றில் ஒன்று பேய். பெயர் மூட்டம். கொம்பும் நகமும் அதன் ஊடே புகுந்து போய்விடும். நெருப்பு மட்டுமே அதைச் சுடும். திருப்பித் தாக்கும் பலம் அதற்கு இல்லை. அதற்கென்று ஒரே ஒரு கட்டளை உண்டு: 'கூடவே வா.' அந்தச் சுற்றில் தன்னை வீழ்த்துகிறவனைப் பேய் தன்னோடு இழுத்துக்கொண்டு போகும்.

எவனும் வீழ்த்தாவிட்டால் ஒன்றுமில்லை. ஒரு சுற்று வீண்.

"கடைசிப் பூதமா நின்னுக்கிட்டு 'கூடவே வா'ன்னா ரெண்டு பக்கமும் காலி," என்றாள் ஜெசிந்தா. "ரெண்டும் காலியானா, கட்டளை கொடுத்தவங்களுக்குத்தான் தோல்வி. விதி தெரியுமில்ல?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

"அது விழறதைப் பார்க்க மனசு வரல."

"அது பொம்மை, அக்கா."

"இருக்கட்டுமே."

ஜெசிந்தா முதல்முறையாகத் திரும்பினாள். கோதாவரியை மேலும் கீழும் பார்த்துவிட்டு, எதிர் நாற்காலியைக் காலால் தள்ளிக் கொடுத்தாள்.

"உக்காருங்க."

*

ஞாயிற்றுக்கிழமை மாநில அணியில் மிச்சமிருக்கும் ஒரே இடத்துக்கு ஆட்டம். எதிரில் இளம்பரிதி.

கோதாவரிக்கு இந்த விளையாட்டைக் கற்றுக்கொடுத்தவன். பிறகு கட்டிக்கொண்டவன். எட்டு வருடம் கழித்து நீதிமன்றத்தில் கையெழுத்துப் போட்டுப் பிரிந்தவன். சேர்ந்திருந்தபோதும் பிரிந்த பிறகும், நேருக்கு நேர் ஆடிய ஆட்டமெல்லாம் அவனுக்கே போயிருந்தன.

புருஷன் தயவில் ஆடியவள்தானே என்று ஆட்டக்காரர்கள் பேசிக்கொண்டார்கள். இந்த இடம் கிடைத்தால் அந்தப் பேச்சு நிற்கும். கிடைக்காவிட்டால், அது வெறும் பேச்சாக இருக்காது.

*

அன்று மாலை முழுவதும் இருவரும் ஆடினார்கள்.

ஜெசிந்தா தன்னிடமிருந்த அதே வகைப் பேயை முதலில் இறக்கினாள். கோதாவரி நெருப்பால் சுட்டாள். பேய் விழுந்தது, கோதாவரியின் மிகச் சிறந்த பூதத்தையும் கூட்டிக்கொண்டு போனது.

அடுத்த ஆட்டத்தில் கோதாவரி சுடவில்லை. காத்திருந்தாள். ஜெசிந்தாவும் 'கூடவே வா' சொல்லவில்லை; பேயை உள்ளே இழுத்துக்கொண்டு, எதற்கும் அசையாத வேறொன்றை நிறுத்தினாள்.

அதற்கடுத்த ஆட்டத்தில் சுட்டாள். மறுபடியும் அவளுடைய பூதமும் பேயோடு போனது.

"எப்பதான் சுடறது, எப்ப சுடாம இருக்கறது?" என்றாள் கோதாவரி, எரிச்சலோடு.

"இப்படி நீங்க புலம்பறீங்க பாருங்க, அதுக்குத்தான் பேயைச் சோறு போட்டு வளர்க்கறேன்."

*

இரண்டு நாள் கழித்து கோதாவரி மீண்டும் ஜெசிந்தாவிடம் வந்தாள். முகம் சரியில்லை.

"முதல்ல இறக்கினேன். நீ சொன்னபடியேதான் எல்லாம் பண்ணினேன் வாத்தியாரே."

"ம்."

"இந்த சென்டர்ல ஒருத்தன்கூட அடிக்க மாட்டேங்கறான். பேய் குத்துயிரா நிக்குது, தொடவே மாட்டேங்கறானுங்க. அது பாட்டுக்கு நிக்கட்டும்னு விட்டுட்டு அவனவன் தன் பூதத்துக்குத் தெம்பு ஏத்திக்கறான்."

"நல்லா ஆடறவன் அப்படித்தான் செய்வான். குத்துயிரா கிடக்கறதால யாருக்கு என்ன கெடுதல்? அதை எதுக்கு அடிக்கணும்?"

"அப்ப இந்தப் பேய் எதுக்குத்தான் ஆகும்?"

"எல்லாருக்கும் ஆகாது."

"யாருக்கு ஆகும்?"

ஜெசிந்தா கையை நீட்டித் திரையை அணைத்தாள். கறுத்த கண்ணாடியில் கோதாவரியின் முகம் தெரிந்தது.

"ஞாயித்துக்கிழமை எதிர்ல உக்காரப்போறவரைப் பத்திச் சொல்லுங்க."

"அவர் நெருப்புப் பூதம்தான் முதல்ல இறக்குவார். தீக்கொம்பன். அப்புறம்…"

'அவர்.' நீதிமன்றம் எல்லாவற்றையும் பிரித்துக்கொடுத்தது. இந்த 'ர்' மட்டும் அவள் நாக்கிலேயே தங்கிவிட்டது.

"பூதம் வேணாம். ஆளைச் சொல்லுங்க."



"வீட்டைக் காலி பண்ணின அன்னிக்கு," என்றாள் கோதாவரி, "பீரோ, கட்டில், ஃபிரிட்ஜ் எல்லாம் லாரியில ஏத்திட்டார். நான் ஒண்ணும் கேட்கல. குக்கர் ஒண்ணு மட்டும் எனக்குன்னு விட்டிருந்தார். லாரி தெருமுனைவரைக்கும் போயிடுச்சு. இறங்கி, திரும்ப நடந்து வந்து, அந்தக் குக்கரோட விசிலைக் கழட்டிச் சட்டைப்பையில போட்டுக்கிட்டுப் போனார்."

"விசிலையா?"

"விசிலை மட்டும்."

ஜெசிந்தா சிரிக்கப் போனாள். கோதாவரியின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டாள்.

"அப்ப உங்களுக்கு என்கிட்ட கத்துக்க ஒண்ணுமில்ல," என்றாள். "கிளம்புங்க."

*

ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. மணமக்கள் நாற்காலிகள் இருக்கவேண்டிய மேடையில் பரிசுக் கோப்பையும் அணியின் சீருடையும் வைக்கப்பட்டிருந்தன. மேடைக்குக் கீழே இரண்டு கணினிகள், எதிரெதிராக.

"என்ன கோது," என்றான் இளம்பரிதி, உட்கார்ந்துகொண்டே. "இன்னும் அந்தப் பேயைத்தான் கட்டிக்கிட்டு அழறியா?"

 கோதாவரி மூட்டத்தை முதலில் இறக்கினாள்.

"அட! இன்னிக்கு முதல்லயே வந்துடுச்சே. கைதவறி அமுக்கிட்டியா?"

தீக்கொம்பன் மூச்சு விட்டது. திரை சிவந்து அடங்கியபோது பேயின் உயிர்க்கோடு நூலளவு மிச்சமிருந்தது. அது தொங்கிய தலையோடு காற்றில் ஆடியது.

கோதாவரியின் விரல் தானாகவே 'உள்ளே கூப்பிடு' பொத்தானுக்குப் போனது. பழகிய விரல்.

"கூப்பிட்டுக்கோ, கூப்பிட்டுக்கோ," என்றான் அவன், எல்லோருக்கும் கேட்கும்படி. "அதைச் சாக விடமாட்டியே நீ. கடைசிவரைக்கும் மடியில வச்சுத் தாலாட்டுவியே."

முன்வரிசை சிரித்தது. அவள் கண் கலங்கியது. அது நடிப்பா நிஜமா என்று கேட்டிருந்தால் அவளாலேயே சொல்லியிருக்க முடியாது. இத்தனை வருடம் எந்த முகத்தை அவனுக்கு முன் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாளோ, அதே முகத்தை, மண்டபம் நிறைய ஆள் பார்க்க, இன்னொரு முறை வைக்கவேண்டியிருந்தது. இந்த வித்தைக்கு விலை அதுதான். அதை யாரும் சொல்லித்தர முடியாது, கொடுக்கத்தான் முடியும்.

விரலை நகர்த்தி, வேறு பொத்தானை அழுத்தினாள்.

"இந்த இடத்தில் பேயை விட்டுவிட்டு, கொம்பனுக்குத் தெம்பு ஏற்றிக்கொள்வதே புத்திசாலித்தனம்," என்று ஒலிபெருக்கியில் வர்ணனையாளர் சொன்னார்.

'கூடவே வா' என்ற கட்டளை இளம்பரிதிக்குத் தெரியாததல்ல. கோதாவரிக்கு அதைச் சொல்லிக்கொடுத்தவனே அவன்தான். ஆனால் குக்கர் விசிலைக்கூட விட்டுவைக்காதவன் அவன்; எதிரில் நூலளவு உயிர் ஒன்று ஆடிக்கொண்டிருந்தது.

அவன் அடித்தான்.

பேய் விழுந்தது. விழும்போது தீக்கொம்பனின் காலைப் பிடித்துக்கொண்டது.

மண்டபத்தில் சிரித்துக்கொண்டிருந்தவர்கள் பாதியில் நிறுத்தினார்கள். கொம்பன் இல்லாத இளம்பரிதி, கதவு பிடுங்கிய வீடுபோல் இருந்தான். மிச்ச ஆட்டத்தை ஆட்டமென்றே சொல்லக்கூடாது. கோதாவரியின் மற்ற இரண்டு பூதங்கள், பாறையனும் மின்கீரியும், ஒரு அவசரமும் இல்லாமல் அதை முடித்துவைத்தன.

*

ஆட்கள் எழுந்து மேடைப் பக்கம் போனார்கள். இளம்பரிதி எழவில்லை. தலையைக் கவிழ்த்து, அணைந்த திரைக்கு முன் உட்கார்ந்திருந்தான்.

கோதாவரி மேசையைச் சுற்றிக்கொண்டு அவன் அருகில் போனாள்.

அவளிடம் ஒரு வாக்கியம் இருந்தது. கல்யாணமான இரண்டாம் மாதமே அதன் முதல் சொல் கிடைத்துவிட்டது. சமைக்கும்போதும் விடைத்தாள் திருத்தும்போதும் பேருந்தில் நிற்கும்போதும் தீட்டித் தீட்டி, இப்போது அது கத்தியாக இருந்தது. ஒரே வீச்சு. அதற்குப்பின் அவன் இந்த விளையாட்டின் பக்கமே தலைவைத்துப் படுக்கமாட்டான்.

அதற்கு இதைவிட நல்ல நேரம் வாய்க்காது.

அவள் வாயைத் திறந்தாள்.

அவன் தலையை நிமிர்த்தவில்லை. மெதுவாக, ஏறக்குறைய அன்பாக, "ஏதாவது சொல்லணும்னா சொல்லிடு கோது," என்றான். "எதுவா இருந்தாலும் கேட்டுக்கறேன்."

அந்தக் குரலை அவள் இதுவரை கேட்டதில்லை. அடிபட்ட குரல். நிஜமாகவே அடிபட்டதா, இல்லை இதுவும் ஒரு 'கூடவே வா'வா?

பின்னால் யாரோ நிற்பது தெரிந்து திரும்பினாள். ஜெசிந்தா. அவள் இளம்பரிதியைப் பார்க்கவில்லை, கோப்பையையும் பார்க்கவில்லை. கோதாவரியின் திறந்த வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள், அடுத்த கட்டளைக்குக் காத்திருக்கும் திரையைப் பார்ப்பதுபோல.

மேடையில் பெயரைக் கூப்பிட்டார்கள்.

கோதாவரி வாயை மூடினாள். அத்தனை வருட வாக்கியம் தொண்டையைக் கீறிக்கொண்டு இறங்கியது. வேப்பெண்ணெய்கூட இவ்வளவு கசக்காது.

"ஒண்ணுமில்ல," என்றாள்.

படியில் கால் வைத்தாள்.

"ஒண்ணுமேவா?" என்றான் அவன் பின்னாலிருந்து. குரல் இப்போது பழைய குரலாகவே இருந்தது. "கோது! ஒண்ணுமேவா?"

அவள் மேலே ஏறினாள்.