பதினோராவது பேர்

பஞ்சம் பிடித்த வருஷம். குடிகளைப் போலத் தானும் ஒருவேளைக் கஞ்சிதான் குடிப்பதாகச் சொல்லி, செவல்குறிச்சி ஜமீன்தார் தானியக் கிடங்கைப் பூட்டி வைத்திருந்தார். அதற்குச் சாட்சியாக அமாவாசைதோறும் ஊர் முன்னால் தையல்காரன் சங்கிலி அவர் இடுப்பை நூலால் அளந்து, அளவுக்கு ஒரு முடிச்சுப் போடுவான்.

"போன மாசத்தைவிட ரெண்டு விரற்கடை குறையணும். இல்லேன்னா உன் விரல் குறையும்" என்று அவன் காதோடு சொல்லிவிட்டு, ஜமீன்தார் எப்போதும்போல மூச்சை அடக்கி வயிற்றை எக்கி நின்றார்.

சங்கிலி தொப்புளுக்கு நேராக நூலைச் சுற்றினான். இறுக்கவுமில்லை, தொங்கவிடவுமில்லை.

"எசமான், இந்த மாசம் பசியில செத்தவங்க பேரை உங்க வாயால வாசிச்சா ஊருக்கு ஆறுதலா இருக்கும்" என்று ஓலையை நீட்டினான்.

ஊரே பார்த்துக்கொண்டிருந்ததால் மறுக்க முடியவில்லை. வாசித்தார். ஐந்தாம் பேரில் குரல் கம்மியது. பத்தாம் பேரில் மூச்சு மொத்தமும் வெளியேறி வயிறு சரிந்தது. போன மாச முடிச்சைத் தாண்டி நூல் ஒரு சாண் ஓடியது.

"மூச்சை விட்ட பிறகு எடுக்கிறதுதான் சரியான இடுப்பளவு, எசமான்."

கூட்டம் கிடங்குப் பக்கம் நடந்தது.

ஜமீன்தார் கீழே போட்ட ஓலையைச் சங்கிலி குனிந்து எடுத்தான். மிச்சமிருந்த ஒரே பேரை அவனே வாசித்தான்.

"தையல்காரன் சங்கிலி மகள் பேச்சி. வயசு ஆறு."