மாலை போட்ட படம்

பண்ருட்டியில் போஸ்டர் கடை வைத்திருந்த தெய்வசிகாமணி, செயற்கை நுண்ணறிவுச் செயலி ஒன்றை வாங்கியதிலிருந்து தரையில் கால் பாவாமல் நடந்தார். கடையில் பிழை பார்க்கும் அற்புதராஜைக் கூப்பிட்டார்.

“இது எழுதினா எழுதினதுதான். இனிமே பார்க்க ஆள் வேண்டாம். நாளையோட நின்னுக்க.”

“சரிங்க முதலாளி. ஆனா அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு தடவை…”

“உன்னைவிட அதுக்குத் தெரியும்! நாளைக்கு எனக்கு மணிவிழா. என் பேரும் நல்ல படம் ஒண்ணும் கொடு, மிச்சத்தை அதுவே எழுதிக்கும். ஒரு எழுத்தை மாத்தாம அச்சடிச்சு ஊரெல்லாம் ஒட்டு.”

முதலாளிக்கு ரொம்பப் பிடித்த படம் ஒன்று உண்டு. வியாபாரிகள் சங்க விழாவில் ஆளுயர ரோஜா மாலையோடு எடுத்தது. அற்புதராஜ் அதையே கொடுத்தான். செயலி எழுதித் தந்ததைப் படித்தான். சொன்னபடியே ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை.

மறுநாள் காலை பட்டு வேட்டியோடு முதலாளி கடைவாசலில் நின்றார். சங்கத்தார் மாலைகளோடு வந்தார்கள். எல்லார் முகமும் தொங்கியிருந்தது. முன்னால் வந்தவர் அவரைப் பார்த்ததும் கையிலிருந்த மாலையைக் கீழே போட்டுவிட்டு ஓடினார்.

முதலாளி எதிர்ச் சுவரைப் பார்த்தார். அவர் படம். அதற்கு மேலே கொட்டை எழுத்தில் ‘கண்ணீர் அஞ்சலி’.

கடைக்குள் இருந்த அற்புதராஜ் பக்கம் திரும்பினார். “அடப்பாவி! குத்துக்கல்லாட்டம் நிக்கிறேன், பார்த்தா தெரியலையா?”

“பார்த்தா தெரியுதுங்க முதலாளி. மாலை போட்ட படம்னதும் அது உங்களை முடிச்சிருச்சு. பார்க்கத்தான் ஆள் வேண்டாம்னுட்டீங்களே.”