சுட்ட தோட்டா

"குண்டு தப்பிப் போச்சுன்னா கையைச் சொல்லலாம், காத்தைச் சொல்லலாம், துப்பாக்கியைச் சொல்லலாம். நாலாவதா ஒண்ணு இருக்கு..."

ரைபிள் கிளப் ஆண்டு விழாவில் மாமா பேசியது. அந்த நாலாவது என்னவென்று தெய்வசிகாமணிக்கு நினைவில்லை. சபை சிரித்தது மட்டும் நினைவிருக்கிறது.

மாமா பிள்ளை இல்லாமல் போய்ச் சேர்ந்தார். அவருடைய பழைய பாயிண்ட் டூ-டூ பிஸ்டல் மருமகனுக்கு வந்தது. பாதி ஆயுளை வெளிநாட்டில் கழித்துவிட்டு ஊர் திரும்பியவர் தெய்வசிகாமணி. உரிமத்தைத் தன் பெயருக்கு மாற்ற ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கிச் செருப்பைத் தேய்த்தார்.

ஒற்றைத் தோட்டாத் துப்பாக்கி அது. குழலை மடக்கித் திறந்து ஒன்றைப் போட வேண்டும். சுட வேண்டும். மறுபடி திறக்க வேண்டும்.

கையில் எடுத்தால் பூனைக்குட்டி மாதிரி ஒட்டிக்கொள்ளும். சுட்டால் மட்டும் குண்டு கீழே, இடது பக்கம் போகும். எப்போதும் கீழே, இடது பக்கம்.

"மேடம், இதை வெங்கிடுபதி கேக்கறான். குடுத்துடலாம்னு பார்க்கறேன்" என்றார்.

வெங்கிடுபதி அவருடைய பள்ளித் தோழர், மில்காரர். மேடம் என்பது கிளப்பின் பயிற்சியாளர் பிரமிளா. தெய்வசிகாமணியை விட வயதில் ரொம்பச் சின்னவர்.

"எதுக்குங்க கேக்கறாரு?"

"கண்ணாடி அலமாரியில வெச்சு அழகு பார்க்க. பதிலுக்குப் புத்தம் புது பிஸ்டல் தர்றானாம்."

"உங்களுக்கு மனசு இருக்குதுங்களா?"

"மனசில்லை. மாமா கை பட்டது. ஆனா நான் நேராப் பிடிக்கறேன், இது கோணலாத் துப்புது. கிழடு தட்டிப் போச்சு மேடம்."

பிரமிளா துப்பாக்கியை வாங்கவில்லை. அவர் கையைப் பார்த்தார்.

"வீட்டுல பழகறீங்களா?"

"தினமும். வெறுமனே டிரிக்கரை அழுத்தி அழுத்திப் பழகறேன்."

"வெறுங்குழல்லயா?" பிரமிளா நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "ஏனுங்க, இது தோட்டா விளிம்புல அடிக்கற ஜாதிங்க! உள்ள தோட்டா இல்லைன்னா ஊசி போய் இரும்பையே குத்தும். தோட்டா போடற வாய் நசுங்கிப் போயிருமுங்க. காத்துத் துப்பாக்கின்னு நெனச்சீங்களா?"

தெய்வசிகாமணி பூனைக்குட்டியை மிதித்துவிட்டவர் போல நின்றார்.

பிரமிளா குனிந்து தரையில் கிடந்த சுட்ட தோட்டாக்களை ஒரு கை அள்ளினார்.

"இதுல ஒண்ணை உள்ள போட்டுட்டுப் பழகோணும். ஊசி இதைக் குத்திட்டுப் போகட்டும். இன்னைக்கு நான் போட்டு வெக்கறேன். நீங்க அந்தப் பக்கம் திரும்பிக்குங்க. சொன்னப்புறம் எடுத்துச் சுடுங்க."

திரும்பினார். எடுத்தார். சுட்டார்.

டப். கீழே, இடது பக்கம்.

மறுபடி. டப். கீழே, இடது பக்கம்.

மறுபடி.

டிக்.

குண்டு இல்லை, சத்தம் இல்லை, புகை இல்லை. ஆனால் குழல் முனை மண்வெட்டி விழுகிற மாதிரி கீழே பாய்ந்தது. இடது பக்கமாக.

தெய்வசிகாமணி முனையைப் பார்த்தார். குழலை மடக்கித் திறந்தார். உள்ளே சுட்ட தோட்டா.

"நான்தானா?"

"அடுத்ததுங்க" என்றார் பிரமிளா.

அதற்கப்புறம் தினமும் இதே கூத்து. உள்ளே இருப்பது புதுசா, சுட்டதா என்று அவருக்குத் தெரியாது. டிக் கேட்கும்போதெல்லாம் முனை தலையாட்டியது. ஒருநாள் பொறுக்க முடியவில்லை.

"எது உசுருள்ளது, எது செத்ததுன்னு சொல்லிட்டாவது போடுங்க மேடம்!"

"சொன்னா, உசுருள்ளதுக்கு வெட்டி இழுக்கற ஆளு, செத்ததுக்கு அசையாத ஆளுன்னு நீங்க ரெண்டு ஆளா ஆயிருவீங்க."

"அப்போ மாவட்டத் தேர்வுப் போட்டியில என்ன பண்றது?"

"போட்டி முடியட்டும். துப்பாக்கியைக் குடுக்கறதா வேண்டாமான்னு அப்புறம் யோசிங்க."

போட்டி வந்தது.

வெங்கிடுபதி புதுத் துப்பாக்கிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு முன் வரிசையில் உட்கார்ந்திருந்தார். "மாப்ள, பொண்ணு பார்க்க வந்த மாதிரி வந்திருக்கேன். சட்டுனு முடிச்சுட்டு வா!"

தெய்வசிகாமணியின் குண்டுகள் நடுவில் விழ விழ வெங்கிடுபதியின் பேச்சுக் குறைந்தது.

கடைசிக் குண்டு. ஒன்பது புள்ளி விழுந்தால் மாவட்ட அணியில் இடம்.

தோட்டாவை டப்பாவிலிருந்து அவரேதான் எடுத்துப் போட்டார். புதுத் தோட்டா. கை உயர்ந்தது. கறுப்பு வட்டத்தின் அடியில் முனை வந்து உட்கார்ந்தது. விரல் மெல்ல மெல்ல நெருக்கியது.

டிக்.

தோட்டா வெடிக்கவில்லை.

"அய்யோ" என்றது கூட்டம்.

"கிழவி கழுத்தறுத்துட்டாளே!" வெங்கிடுபதி தலையில் கை வைத்துக்கொண்டார்.

தெய்வசிகாமணி துப்பாக்கியை இறக்கவில்லை. விதிப்படி இடது கையை மட்டும் தூக்கினார். அவர் தோள் குலுங்கியது. நடுவர் பதறி ஓடி வந்தார்.

"சார், அழுவாதீங்க. உங்க தப்பில்லை, தோட்டாக் கோளாறு. வேற போட்டுச் சுடலாம்."

அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"மேடம்! பார்த்தீங்களா?"

"என்னத்தைங்க?" பிரமிளா பின்னாலிருந்து கேட்டார்.

"ஒண்ணும் நடக்கல! முனை துளிகூட ஆடல மேடம்!"

மைதானமே இவரைப் பைத்தியம் மாதிரி பார்த்தது. பிரமிளா மட்டும் முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரித்தார்.

நடுவர் சைகை காட்டினார். தெய்வசிகாமணி குழலை மடக்கி, வெடிக்காததை எடுத்துவிட்டு, வேறு தோட்டா போட்டார்.

டப்.

தொலைநோக்கியில் பார்த்தவர் கத்தினார். "பத்து! நட்ட நடுப் பத்து!"

விசில் பறந்தது. யாரோ அவரை இடுப்போடு தூக்கினார்கள். தூக்கியது வெங்கிடுபதிதான். இறக்கிவிட்டு, மூச்சு வாங்கிக்கொண்டே பெட்டியைத் திறந்தார். உள்ளே புதுத் துப்பாக்கி எண்ணெய் மினுமினுப்போடு படுத்திருந்தது.

"நல்லா சுட்டே மாப்ள, இல்லைங்கல. ஆனா ஸ்டேட் போட்டியில கிழவி இன்னொரு தடவை மக்கர் பண்ணினா? இது ஒருநாளும் பண்ணாது. வெச்சுக்கோ."

தெய்வசிகாமணி பிரமிளாவைத் திரும்பிப் பார்த்தார். அவர் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

தெய்வசிகாமணி பெட்டியை மூடி வெங்கிடுபதி கையில் கொடுத்தார். மாநிலப் போட்டிக்கும் மாமாவின் துப்பாக்கியோடுதான் போவது என்று முடிவு செய்தார்.