மேட்டில் நின்ற பல்லக்கு

கஜானா காலியாகிவிட்டது. அமைச்சர் செண்பகராயர் ஊரைக் கூட்டினார். “நாடு ஒரு பல்லக்கு. பாரம் கூடிவிட்டது, குடிகள்தான் தோள் கொடுக்க வேண்டும்” என்று சொல்லி வீட்டுக்கு இரண்டு மூட்டை நெல் கேட்டார். சிக்கனம் என்று தன் பல்லக்குத் தூக்கிகள் எட்டுப் பேரில் நான்கு பேரை விரட்டினார்.

“மலைக்கோட்டையில் ராஜா காத்திருக்கிறார். உச்சிவேளைக்குள் பல்லக்கு அங்கே நிற்கணும். இல்லையென்றால் சவுக்கடிதான்!” என்று மீதி நால்வரிடம் அதட்டினார் அமைச்சர்.

“நிற்கும் சாமி” என்றான், முன்னால் தூக்கும் மாடக்கண்ணு.

பாதி மேட்டில் பல்லக்கைக் கீழே வைத்தார்கள். மாடக்கண்ணு உள்ளே இருந்த வெள்ளி வெற்றிலைப் பெட்டியை எடுத்து வெளியே வைத்தான்.

“சாமியும் இறங்கணும்.”

“என்னடா திமிரு!”

“மேட்டில் பாரம் தாங்கலேன்னா, உள்ளே இருக்கிறவர் இறங்கி நடக்கிறதுதான் எங்க தொழில் வழக்கம்.”

நால்வரும் கைகட்டி நின்றார்கள். வெயில் ஏறியது. வேறு வழியில்லாமல் அமைச்சர் இறங்கினார்.

காலிப் பல்லக்கையும், பின்னால் மூச்சு வாங்க வந்த அமைச்சரையும் பார்த்த ராஜா காரணம் கேட்டார். மாடக்கண்ணு, ‘நாடு ஒரு பல்லக்கு’ என்று சொல்லி அமைச்சர் நெல் கேட்டதையும் சேர்த்தே சொன்னான்.

ராஜாவின் முகம் இறுகியது. “அப்படியென்றால், நானும் இறங்கணும் என்கிறாயா?”

மாடக்கண்ணு தலை குனியவில்லை.

“மேடு இன்னும் முடியலையே, மகாராஜா.”