ஜமீன் வீட்டு நிலைக்கதவு

"வீடு முடிஞ்சு நாலு மாசம் ஆச்சும்மா. எங்க ஆளுக ஒருத்தர்கூட உள்ள வந்து உக்காரலை."

அறவாழி ஊஞ்சல் சங்கிலியைப் பிடித்தபடி சொன்னார். எழுபத்திரண்டு வயது. ஒன்பது முறை சிறை. தோளில் அதே கறுப்புத் துண்டு. குரலை மட்டும் ஏதோ ஒரு மேடையில் விட்டுவிட்டு வந்தவர் போலிருந்தார்.

கேட்டுக்கொண்டிருந்த சின்னாத்தாள் அவரைவிட இருபது வயது இளையவர். கண்மாய்க் கரையில் பாய் முடைகிறவர். அறவாழி எந்தச் சாமியையும் கும்பிட்டதில்லை. மனம் ஓய்ந்து போனால் சின்னாத்தாள் குடிசைக்குத்தான் போவார். இன்று அவரை வீட்டுக்கே அழைத்து வந்திருந்தார்.

சின்னாத்தாள் சுற்றிப் பார்த்தார். தேக்குத் தூண்கள். பூப்போட்ட தளக்கல். ரசம் போன பெரிய கண்ணாடி. மான்கொம்பு. வாசலில் கனத்த நிலைக்கதவு.

"எதுக்கு தோழரே இவ்வளவும்?"

"ஜமீன் அரண்மனையை இடிச்சப்ப ஏலத்துல எடுத்தேன். அந்தக் கதவுக்கு வெளிய எங்கப்பனை நிக்க வச்சானுக. துண்டைக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு நின்னாரு. இன்னைக்கு அந்தக் கதவு எவன் வீட்டுல இருக்கு? ஜெயிச்சதுக்கு அடையாளம் வேண்டாமா?"

"வேணும்தான். ஜமீன்தார் படத்தை மட்டும் விட்டுட்டீங்களே. சுவத்துல இடம் இருக்கு."

அறவாழி சிரிக்கவில்லை.

"மாடக்கண்ணு வந்தாம்மா. ஜெயில்ல என்கூட ஒரே தட்டுல சாப்பிட்டவன். வாசல்வரைக்கும் வந்தான். துண்டை எடுத்துக் கக்கத்துல வச்சுக்கிட்டான். உள்ள வாடான்னா, இருக்கட்டும்னு போயிட்டான்."

"அப்புறம்?"

"இருபது நாளாச்சு. ஆள் விட்டாலும் வரமாட்டேங்கிறான். 'துண்டு தோளுக்கே'ன்னு நான் எழுதுன முதல் துண்டறிக்கையை ஊர் ஊரா நடந்து கொடுத்தவன் அவன். அவனுக்கே அடிமைப்புத்தி போகலை. யாருக்காக இத்தனை வருசம் கத்துனேன்?"

அவர் கை ஊஞ்சல் சங்கிலியை விட்டது.

"எனக்கு மிச்சம் அவன் ஒருத்தன்தாம்மா."

சின்னாத்தாள் கதவைப் பார்த்தார். பித்தளைக் குமிழ்கள். மேலே இரண்டு யானைகளுக்கு நடுவே லட்சுமி. நிலை தாழ்வாக இருந்தது.

"நீங்க இதுவழியா வர்றதில்லையா?"

"நமக்குப் பக்கவாசல் போதும். இதைத் திறக்க ரெண்டு ஆள் வேணும். யாராவது வந்தா திறந்து வச்சு, நான் உள்ள நிப்பேன்."

"இப்ப ரெண்டு ஆள் இருக்கமே."

இருவரும் பிடித்து இழுத்தார்கள். கதவு முனகிக்கொண்டு திறந்தது.

"வெளிய போயிட்டு வாங்க."

"எதுக்கும்மா?"

"உங்க வீடுதானே. போயிட்டு வாங்க."

அலுத்துக்கொண்டே படியிறங்கினார். தெருவில் நின்று திரும்பினார். வெயில் குமிழ்களில் பட்டுக் கண்ணைக் கூச வைத்தது. கதவு, சின்ன வயதில் பார்த்த அதே மிடுக்கோடு நின்றது.

படியேறினார். செருப்பைக் கழற்றினார். நிலை இடிக்காமலிருக்கக் குனிந்து, உள்ளே வந்தார்.

சின்னாத்தாள் ஊஞ்சலில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் இருந்த இடத்தைத் தட்டிக் காட்டினார்.

உட்காரப் போன அறவாழி அப்படியே நின்றுவிட்டார்.

துண்டு அவர் கக்கத்தில் இருந்தது.