கோவையிலிருந்து வந்த பெயர்

பேருந்து நிலையத்தைக் கூட்டும் இருதயமேரி, தேர்வெழுதி ஹாம் ரேடியோ உரிமம் வாங்கியவள். மதிய ஓய்வில் நடைமேடையிலிருந்து அந்த ரேடியோவில் வெளியூர் ஹாம்காரர்களோடு பேசுவாள். கண்காணிப்பாளர் தணிகாசலத்துக்கு அது பொறுக்கவில்லை. முதலில் அவள் உட்காரும் பெஞ்சை எடுத்தார். இரண்டாவதாக ஏரியல் கம்பியை அறுத்தார். மூன்றாவதாக ரேடியோவையே பறித்தார். எதற்கும் எழுத்தில் உத்தரவு கிடையாது.

மறுநாள் பயணிகள் முன்னால் அவள் அவரிடம் போய் ரேடியோவைத் திருப்பிக் கேட்டாள்.

"கோயம்புத்தூர்ல எவனாவது இதுல என் பேரைச் சொல்லட்டும், தர்றேன். இல்லேன்னா காயலான் கடைக்குப் போகும்" என்று சிரித்தார்.

அவர் எடுத்து வைத்த ரேடியோவுக்கு அவள் புதுக் கம்பி கட்டி, இயர்போனை மாட்டிக்கொண்டு கூப்பிட்டாள். கோவைக்காரர் ஒருவர் கிடைத்தார். அவர் குரல் அவள் காதுக்கு மட்டுமே கேட்டது. பேசும் பொத்தானை அழுத்தியபடி மைக்கை நீட்டினாள்.

"பேரை நீங்களே சொல்லுங்க சார். ஏன் பறிச்சீங்கன்னும் சொல்லிடுங்க."

"கண்காணிப்பாளர் தணிகாசலம். கூட்டுறவளுக்கு எதுக்கு ரேடியோ? உரிமம் இருந்தாலும் பறிப்பேன். எவன் கேப்பான்?" அந்தப் பக்கம் யாருமில்லை என்ற நினைப்பில் அவர் மைக்கில் முழங்கினார்.

கேட்ட செய்தியைத் திரும்ப வாசித்துச் சரிபார்ப்பது ஹாம்காரர்கள் வழக்கம். இருதயமேரி பொத்தானை விட்டாள், ஒலிபெருக்கி பேசும்படி ரேடியோவிலிருந்து இயர்போனைப் பிடுங்கினாள். நடைமேடை முழுவதும் கேட்கும்படி கோவைக் குரல் நிதானமாக வாசித்தது:

"கூட்டுறவளுக்கு எதுக்கு ரேடியோ, உரிமம் இருந்தாலும் பறிப்பேன், எவன் கேப்பான். சொன்னவர் பெயர், கண்காணிப்பாளர் தணிகாசலம்."