கழித்த பிறகு மிஞ்சிய நாலு

கால்நடை ஆராய்ச்சி நிலைய இயக்குநர் தணிகாசலம் இருநூற்றுப் பன்னிரண்டு கட்டுரைகள் எழுதியவர். ஒன்பதே கட்டுரை எழுதிய மெகருன்னிசாவை எல்லோரும் மேற்கோள் காட்டுவதைப் பார்த்து அவருக்குச் சோறே இறங்கவில்லை.

மேற்கோள் எண்ணிக்கையைப் பார்த்து விருது கொடுக்கும் கமிட்டிக் கூட்டத்துக்கு முன்தினம் நூலக உதவியாளர் பவுனைக் கூப்பிட்டார்.

"மெகருன்னிசா கணக்குல அவளும் அவ ஆளுங்களும் காட்டின மேற்கோளையெல்லாம் கழிச்சிடு. என் கணக்கைவிட அவ கணக்கு குறையலேன்னா உனக்கு இங்கே வேலையில்லை."

பவுனு ராப்பகலாய் எண்ணி, கூட்டத்தில் தாளை நீட்டினாள்.

"அந்தம்மாவுக்கு ஐந்நூத்திப் பதினெட்டு. உங்களுக்கும் அதே மாதிரி கழிச்சா நாலுங்கய்யா."

"என்னோடதை ஏன் கழிச்சே?"

"ஒருத்தருக்கு மட்டும் கழிச்சா கமிட்டி ஒத்துக்குமாங்கய்யா?"

கமிட்டித் தலைவர் தாளை வாங்கினார். "இந்த நாலு பேர் யாரும்மா?"

"ஒரே ஆளுதாங்க. நாலும் மெகருன்னிசாம்மா காட்டினது."

பவுனு பேனாவைத் திறந்துகொண்டு இயக்குநரைப் பார்த்தாள்.

"அவங்களும் உங்க ஆளுதான்னா சொல்லுங்கய்யா, அதையும் கழிச்சிடறேன்."